வாசலில் நின்றவர் என்ன செய்தார்?

சென்ற சனிக்கிழமை மாலை கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் நான்கு பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் காற்றும் பேச்சும் தடையில்லாமல் கிடைக்கும். அப்போது வெளியூர்ப் பிள்ளைகள் ஏழெட்டு பேர் சிரித்தபடி எங்களைக் கடந்து போனார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு நடை கொஞ்சம் தள்ளாடியது. இரண்டு தோழிகள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

எங்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. அவர்தான் ஆரம்பித்தார். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்னய்யா வேலை? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸக் குத்தம் சொல்லுவாங்க." மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும். கோபம் வந்தால் படித்து முடித்த பிறகு படுங்கள்.

முதலில் ஓர் ஒப்புதல். நண்பர் கேட்ட அதே கேள்வியை நானும் ஒரு முறை கேட்டிருக்கிறேன், என் சொந்த வீட்டு வாசலில் நின்று.

சென்ற ஆண்டு டிசம்பர் கடைசியில் என் பேத்தி சென்னையிலிருந்து இரண்டு தோழிகளோடு வந்திருந்தாள். மூவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், எங்கள் வீட்டு மாடியில்தான் தங்கினார்கள். சனிக்கிழமை இரவு ஊரில் உள்ள ஒரு பாருக்குப் போனார்கள். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. வாசலில் 'லேடீஸ் நைட்' என்று பலகை வைத்திருந்தார்களாம். பெண்களுக்கு இரவு பத்து மணிவரை மது இலவசம்.

பக்கத்து மேசையில் இருந்த ஓர் ஆள் இவர்களோடு பேச்சுக் கொடுத்திருக்கிறான். நல்ல உடை, நல்ல இங்கிலீஷ். பத்தரை மணிக்கு என் பேத்தி கை கழுவப் போனாள். இன்னொருத்தி சாப்பாட்டு பில் கட்டப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது பெண்ணின் நாற்காலி காலி. அவள் குடித்தது ஒன்றரைக் கிளாஸ்தான். இருவரும் வெளியே ஓடினார்கள். தெருவில் அந்த ஆள் அவளை இடுப்பில் கைபோட்டுப் பிடித்துக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவளுக்குத் தலை நிற்கவில்லை. என் பேத்தி போட்ட கூச்சலில் அவளை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த பாரின் வாசலில் இரண்டு காவலர்கள் நின்றிருந்தார்கள். பவுன்சர் என்கிறார்களே, அந்த மாதிரி கட்டுமஸ்தான ஆட்கள். "நம்ம ஃப்ரெண்டுதான், கொஞ்சம் ஓவராயிடுச்சு" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவர்கள் கதவைத் திறந்து வழி விட்டிருக்கிறார்கள். படியில் அந்தப் பெண்ணின் செருப்பு கழன்று விழுந்தது. ஒரு காவலர் குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாராம்.

பதினொரு மணிக்கு மூவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தவன் நான். விஷயத்தைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "இந்த நேரத்துல அந்த இடத்துக்குப் போகணும்னு என்னம்மா தலையெழுத்து?" என் மனைவி என்னை ஒதுக்கிவிட்டு, "முதல்ல உள்ள வாங்கம்மா" என்று அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாள். விடியும்வரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

காலையில் பேத்தி என்னிடம் வந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "தாத்தா, நீங்க எங்கள மட்டும்தான் கேட்டீங்க. வாசல்ல நின்னவர யாருமே ஒண்ணும் கேக்கல."

எழுபத்து மூன்று வயதில் ஒருவனுக்குப் புத்தி வருவது லேசான காரியம் இல்லை. எனக்கு அன்று வந்தது.

அவளையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். மேனேஜர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். வாசல் கேமரா பழுதாகி ஒரு மாதம் ஆகிறதாம். காவலர்கள் ஏஜென்சி ஆட்களாம், தினம் வேறு ஆள் வருவார்களாம். பிறகு அவர் சொன்ன வாக்கியம் இது: "உள்ள நடந்தா எங்க பொறுப்பு சார். வாசப்படி தாண்டிட்டா கஸ்டமர் பாடு."

அந்தப் பெண் புகார் கொடுக்க விரும்பவில்லை. அவள் முடிவு அது, நாங்கள் வற்புறுத்தவில்லை. அவளுக்கு எதையாவது கலந்து கொடுத்தார்களா என்று பரிசோதிக்கலாமே என்ற யோசனை எனக்கு அன்று மாலையில்தான் வந்தது. விசாரித்தபோது டாக்டர் ஒருவர் சொன்னார், இதற்குப் பயன்படுத்தும் சில மருந்துகள் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரில்கூடத் தடயம் இல்லாமல் போய்விடுமாம். நான் நியாயம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அது போய்விட்டது.

சரி, இனி என் தொழில் அனுபவத்துக்கு வருகிறேன். நான் அரசாங்க குமாஸ்தா. முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். அதில் சில வருடங்கள் மதுக்கடை, பார் உரிமங்கள் சம்பந்தப்பட்ட கோப்புகள் என் மேசை வழியாகப் போயின. நம் ஊரில் மது வருமானம் என்பது அரசாங்கத்துக்கு எப்படிப்பட்ட விஷயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலம் நடக்கிற நாளில் அலுவலகம் கல்யாண மண்டபம் போல் இருக்கும்.

அந்தக் கோப்புகளில் என்னென்ன இருக்கும்? கட்டட வரைபடம். பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் எத்தனை மீட்டர் தூரம் என்ற கணக்கு. தீயணைப்புத் துறையின் சான்று. சுகாதாரச் சான்று. கட்டணம் கட்டிய செலான். மாடிப்படியின் அகலம் போதவில்லை என்று ஒரு கோப்பை நானே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். தீ பிடித்தால் ஜனங்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று கேட்டோம். நிற்க முடியாத நிலையில் ஒரு பெண் யாரோ ஒருவனோடு வெளியே வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி அந்தப் படிவங்களில் கிடையாது, எங்கள் மண்டையிலும் கிடையாது. இன்றைக்குத் தாளில் எது மாறியிருந்தாலும், அந்த வாசலில் எதுவும் மாறவில்லை என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்க 2013-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி முதலாளி தன் பெண் ஊழியரை, வேலை இடத்துக்கு வந்து போகிற வெளி ஆட்களிடமிருந்தும் காப்பாற்றக் கடமைப்பட்டவர். ஆக, பாரில் தட்டு எடுத்து வைக்கிற பெண்ணுக்காவது தாளில் ஒரு வரி இருக்கிறது. அதே மேசையில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு வரியைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அறுபதுகளில் எங்களுக்குக் குடிமைப் பாடம் எடுத்த முசே ஒருவர் இருந்தார். ஒருநாள் வகுப்பில் கேட்டார்: "பெரிய வாய்க்காலில் ஒருவன் விழுந்து தத்தளிக்கிறான். நீ பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறாய். நீ செய்தது என்ன?" பாவம் என்றோம். "பாவம் என்பது பாதிரியார் பாடு. என் நாட்டில் அது குற்றம்" என்றார். ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவதற்கு பிரெஞ்சுக்காரர்கள் 'நோன் அசிஸ்தான்ஸ்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இன்றைய பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தில் அது 223-6ஆம் பிரிவு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து இல்லாமல் உதவ முடிந்தும், அல்லது வேறு யாரையாவது உதவிக்குக் கூப்பிட முடிந்தும் சும்மா இருந்தவனுக்கு 5 ஆண்டு வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம். அந்த நாட்டு பென்ஷன் வாங்குகிற என் சொல்தா நண்பருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். செருப்பை எடுத்துக் கொடுத்த காவலரை இந்தப் பிரிவின் முன் நிறுத்தினால் என்ன பதில் சொல்வார் என்று நண்பர் யோசிக்கட்டும்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். போதையினால், அல்லது தனக்குக் கொடுக்கப்பட்ட மயக்கப் பொருளினால், என்ன நடக்கிறது என்று புரியாத நிலையில் ஒரு பெண் 'சரி' என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதுவே இருந்தது. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மயக்க மருந்து கொடுப்பது 123ஆம் பிரிவில் தனிக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. ஆனால் இவை எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிற சட்டங்கள். நடப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கிற ஒரே சட்டம் அந்த பவுன்சர்தான். அவருக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? உள்ளே சண்டை போடுகிறவனை வெளியே தள்ளு, பில் கட்டாதவனைப் பிடி. அவ்வளவுதான்.

இப்போது 'கலாச்சாரம்' பேசுகிறவர்களுக்கு வருகிறேன். 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து, கலாச்சாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெண்களைத் தலைமுடியைப் பிடித்து அடித்தார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2018-இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 2012 ஜூலையில் குவாஹாட்டியில் ஒரு பாருக்கு வெளியே ஒரு பெண்ணைக் கும்பலாகச் சூழ்ந்து மானபங்கம் செய்தார்கள். கூடியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பாரில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கிற வாயும், பாரைவிட்டு வந்தவள்தானே என்று நீளுகிற கையும் ஒரே உடம்பில் இருப்பவை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொல்கத்தாவைக் கேளுங்கள். 2012 பிப்ரவரியில் பார்க் தெருவில் உள்ள ஒரு இரவு விடுதியிலிருந்து வெளியே வந்த பெண்ணை, வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று காரில் ஏற்றி, ஓடுகிற காரிலேயே கும்பலாக வன்கொடுமை செய்தார்கள். அவர் புகார் கொடுத்தபோது மாநிலத்தின் முதலமைச்சரே அது ஜோடிக்கப்பட்ட சம்பவம் என்றார். இரண்டு பெண் குழந்தைகளின் தாய்க்கு நடுராத்திரியில் அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. வழக்கைத் துப்புத் துலக்கிய பெண் போலீஸ் அதிகாரி சில வாரங்களில் இடமாற்றம் செய்யப்பட்டார். பாதிக்கப்பட்டவர் 2013-இல், முகத்தை மூடிக்கொள்ள வேண்டியது நான் இல்லை என்று தன் பெயரைத் தானே வெளியே சொன்னார். சூசெட் ஜோர்டான். 2015 மார்ச்சில் நோயால் இறந்துபோனார். மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். தான் பொய் சொல்லவில்லை என்று நீதிமன்றம் சொன்னதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. நாம் கேட்கிற 'அங்கே என்ன வேலை' என்ற கேள்வி இப்படித்தான் ஆளைத் தின்னும்.

ஐரோப்பாவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லவும் நான் வரவில்லை. 2021 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் மாணவிகள் தெருவில் இறங்கினார்கள். தங்களுக்கு மருந்து கலந்து கொடுத்ததாக மது ஊற்றித் தருகிற ஊழியர் மீதே குற்றச்சாட்டு. 'பலான்ஸ் தோன் பார்', அதாவது 'உன் பாரைப் போட்டுக் கொடு' என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். அது பிரான்சுக்கும் பரவியது. எல்லா ஊரிலும் அயோக்கியன் உண்டு. வித்தியாசம், அவனைத் தடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று அந்த ஊரார் கேட்டார்கள் என்பதுதான்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷர் பகுதியில் 2016-இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தனக்கு ஆபத்து என்று நினைக்கிற பெண், பார் கவுண்டருக்குப் போய் 'ஏஞ்சலா இருக்கிறாரா?' என்று கேட்டால் போதும். ஊழியர்கள் புரிந்துகொண்டு அவளைத் தனியே அழைத்துப் போவார்கள், டாக்ஸி பிடித்துக் கொடுப்பார்கள், தேவையானால் போலீஸைக் கூப்பிடுவார்கள். நல்ல யோசனை, பிரான்சிலும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பின்னாளில் பத்திரிகையாளர்கள் லண்டனில் சில பார்களுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தபோது பல இடங்களில் ஊழியர்கள் 'ஏஞ்சலாவா, அது யார்?' என்று விழித்திருக்கிறார்கள். போஸ்டர் ஒட்டுவது சுலபம். ஊழியருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. இதை நான் ஓர் அரசாங்க ஆசாமியாகச் சொல்கிறேன். எத்தனை போஸ்டர்களை நாங்களே ஒட்டியிருக்கிறோம்!

பார்சிலோனா நகரசபை 2018-இல் செய்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. இரவு விடுதிகளுக்கென்று ஒரு நடைமுறை வகுத்தார்கள். 'நோ கய்யெம்', நாங்கள் வாய்மூடி இருக்க மாட்டோம் என்று பெயர். அதில் சேர்கிற விடுதி தன் ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். ஏதாவது நடந்தால் முதல் கவனம் பாதிக்கப்பட்டவர் மீது இருக்க வேண்டும், பிடிபட்டவனைத் துரத்துவதெல்லாம் பிறகு. அவர் முடிவை மதிக்க வேண்டும். அவர் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும். தப்பு செய்தவனோடு தோள்மேல் கைபோட்டுச் சமாதானம் பேசக் கூடாது. ஆளுக்கேற்ப அனுமதிக் கட்டணம் வைத்துப் பெண்ணை விளம்பரப் பண்டமாக்கவும் கூடாது.

கடைசி வரியை நம் 'லேடீஸ் நைட்' பலகையோடு வைத்துப் பாருங்கள். பெண்களுக்கு மது ஏன் இலவசம்? அவர்கள் மேல் உள்ள அன்பினாலா? பெண்கள் வந்தால் ஆண்கள் வருவார்கள், ஆண்கள் வந்தால் கல்லா நிறையும். தூண்டிலில் புழுவை மாட்டுகிறவனுக்குப் புழுவின் மேல் அக்கறை இருக்குமா? ஒரு பெண்ணுக்கு இலவசமாக ஊற்றிக் கொடுத்து அவள் நிலை தடுமாறியதும், அது உன் பாடு என்று கைகழுவுகிற வியாபாரத்துக்கு அரசாங்கம் முத்திரை குத்தி உரிமம் கொடுக்கிறது. இதைத்தான் நான் கண்டிக்கிறேன். மருந்து கலக்கிறவனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பெரும்பாலான சமயத்தில் அவன் எதையும் கலக்கவே வேண்டாம். கடைக்காரரே ஊற்றிக் கொடுக்கிற மது போதும், அவன் காத்திருந்தால் சரி.

குறை சொல்லிவிட்டுப் போவது குமாஸ்தாவுக்கு அழகல்ல. கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். என் மேசையில் இன்று அந்தக் கோப்பு இருந்தால் உரிம நிபந்தனைகளில் இவற்றைச் சேர்க்கும்படி எழுதுவேன்:

ஒன்று. தானாக நடக்க முடியாத நிலையில் உள்ள யாரையும் இன்னொருவர் வெளியே அழைத்துப் போனால், வாசலில் உள்ளவர் நிறுத்த வேண்டும். அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும்: "இவர் யாரும்மா?" அவள் பதில் சொல்ல முடியவில்லை என்றால் உட்கார வைத்து, கூட வந்தவர்களைத் தேட வேண்டும். யாரும் இல்லை என்றால் 112-ஐக் கூப்பிட வேண்டும்.

இரண்டு. ஒவ்வொரு இரவும் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் ஒருவராவது பணியில் இருக்க வேண்டும். வாசல் காவலர்களின் பெயர்களும் பின்னணிச் சரிபார்ப்பும் கோப்பில் இருக்க வேண்டும். தனியார் காவல் ஏஜென்சிகளுக்காக 2005-இல் வந்த மத்தியச் சட்டமே பயிற்சியையும் சரிபார்ப்பையும் கேட்கிறது. தினம் வேறு ஆள் வருவார் என்ற கதை செல்லாது.

மூன்று. நேரம் வைத்து அளவில்லாமல் இலவச மது கொடுப்பது கூடாது. தள்ளாடுகிறவருக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், மேலும் ஊற்றக் கூடாது. தண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

நான்கு. வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் வெளிச்சமும் கேமராவும் வேண்டும். பதிவு 30 நாள் இருக்க வேண்டும். கேமரா பழுது என்றால் அன்று கடையும் பழுது.

ஐந்து. ஒரு பதிவேடு. இன்ன தேதி, இன்ன மணி, இன்னது நடந்தது, இன்னது செய்தோம். பெண்ணின் பெயர் வேண்டாம். சோதனைக்கு வருகிற அதிகாரி அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் ஆபீசருக்கும் பயம் வரும், எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். தீயணைப்புக் கருவி வைக்கச் சொன்னபோதும் இதையேதான் சொன்னார்கள். ஒரு கடையும் படுக்கவில்லை. பெண்கள் பயமில்லாமல் வந்து போகிற இடத்துக்குக் கூட்டம் குறையும் என்று எந்த வியாபாரி சொல்கிறார்?

நண்பர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: "ஏன்யா, பிள்ளைகளுக்கு ஜாக்கிரதையா இருன்னு சொல்லக் கூடாதா?" தாராளமாகச் சொல்லுங்கள். என் பேத்திக்கு நானும் சொன்னேன். கிளாஸை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதே. மூன்று பேர் போனால் மூன்று பேரும் சேர்ந்து வெளியே வாருங்கள். குடித்த அளவுக்குப் பொருந்தாத தலைசுற்றல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, விடியட்டும் என்று இருக்காதே. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தனியார் ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும் என்பது சட்டம். 181 என்பது பெண்களுக்கான உதவி எண். இதையெல்லாம் உங்கள் பேத்திகளுக்கும் சொல்லுங்கள்.

ஆனால் ஜாக்கிரதையாக இரு என்று முன்னால் சொல்வது வேறு, ஏன் ஜாக்கிரதையாக இல்லை என்று பின்னால் கேட்பது வேறு. முன்னால் சொல்வது பாசம். பின்னால் கேட்பது திருடனுக்கு வக்காலத்து. அடுத்த தடவை ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளை நம்மிடம் சொல்லாமல் மறைப்பதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

பேரன்களுக்கு என்ன சொன்னோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் பேரன் கல்லூரியில் படிக்கிறான். அவனை உட்கார வைத்து இதையெல்லாம் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. "நிற்க முடியாத பெண் சரின்னு சொன்னாலும் அது சரி இல்லடா. உன் சிநேகிதன் அப்படி ஒருத்தியக் கூட்டிட்டுப் போனா நீ குறுக்க நில்லு. அவன் சிநேகம் போனாலும் போகட்டும்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "சரி தாத்தா" என்றான். காதில் வாங்கினானா என்று தெரியாது. எங்கள் அப்பா இதை என்னிடம் பேசியதில்லை, நான் என் மகனிடம் பேசியதில்லை. யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டும் அல்லவா?

அந்தக் காவலரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுக்கிற மனிதர் கெட்டவராக இருக்க மாட்டார். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது. யாருக்கு உதவ வேண்டும் என்றுதான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செருப்பை அந்தப் பெண்ணிடம் நீட்டி, "அம்மா, இவர் யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இன்று மாலை கடற்கரைக்குப் போகிறேன். சொல்தா நண்பர் இருப்பார். சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து பேச்சை நானே ஆரம்பிக்கப் போகிறேன். அவர் கோபித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாலும் சரி. உங்கள் வீட்டில், உங்கள் பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தால் நீங்களும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். 'அவளுக்கு அங்கே என்ன வேலை' என்று யாராவது ஆரம்பித்தால், 'வாசலில் நின்றவர் என்ன செய்தார்' என்று திருப்பிக் கேளுங்கள்.